அட்டை விரித்த தரை

ஜூலை 3

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் எழுதுவது. தினமும் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் எங்கே பேசுகிறோம்? நீங்கள் "ம்" என்கிறீர்கள், நான் மூக்கைச் சிந்துகிறேன், அண்ணன் "போதும், அவ தூங்கட்டும்" என்று போனைப் பிடுங்கிக்கொள்கிறார். கூடப் பிறந்தவள் என்ற பாசம் கொஞ்சமாவது இருக்கிறதா பாருங்கள். காகிதத்தை யாரும் பிடுங்க மாட்டார்கள் அல்லவா, அதனால்தான்.

குட்டியைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அண்ணன் சொன்னபோது நான் கவுண்டரில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கேயே அழுதுவிட்டேன். எதிரில் நின்ற அம்மாள் பயந்துபோய், "என்னம்மா, பில்லுல ஏதாவது தப்பாயிடுச்சா?" என்று கேட்டார். "இல்லம்மா, எங்க அண்ணன் பொண்ணு வீட்டுக்கு வந்துட்டா. ஏழு மாசத்துலயே பிறந்தவ" என்றேன். அவர் திரும்பி, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் செய்தி வாசித்துவிட்டார். நேரமாகிறது என்று ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது? கைக்கட்டுப் பிரித்தாகிவிட்டதா? படுத்தே இருக்கிறேன் என்று பொய் சொல்லாதீர்கள், எழுந்து துணி மடிக்கிறீர்கள் என்று அண்ணன் கோள் சொல்லிவிட்டார்.

கடையில் எல்லோரும் விசாரிக்கிறார்கள். மேனேஜர்கூட, "யானைக்கும் அடி சறுக்கும்மா. உங்க அண்ணியைக் கவலைப்படாம இருக்கச் சொல்லுங்க" என்றார். அந்த ஃப்ரீசரைச் சரிசெய்துவிட்டார்கள். நீங்கள் அதன் முன்னால் விழுந்த மறுநாள் காலையிலேயே ஆள் வந்து, கொஞ்ச நேரத்தில் முடித்துவிட்டுப் போய்விட்டான். இப்போது சொட்டுத் தண்ணீர் கசிவதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. என் வீட்டுக்காரர் அந்தப் பக்கமே போவதில்லை. அதே கடையில் சூப்பர்வைசராக இருந்துகொண்டு, வேறு வரிசை வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார். உங்களைப் பற்றி என்னிடம் கேட்கிறார். நேரில் போய்ப் பார்க்கலாமா என்றால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

குட்டிக்கு என் முத்தம். மூக்கு எங்கள் வீட்டு மூக்கா என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் அன்பு வாயாடி


ஜூலை 11

அன்புள்ள வாயாடிக்கு,

மூக்கு உங்கள் வீட்டு மூக்குதான். பாவம், பெண் பிள்ளை, என்ன செய்வது. கைக்கட்டுப் பிரித்தாகிவிட்டது. இடுப்பு உட்கார்ந்தால் வலிக்கிறது, நின்றால் இன்னும் வலிக்கிறது. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றபடி ஊராருக்குப் பார்வை சோதிக்கும் வேலைக்கு எப்போது திரும்புவேன் என்று தெரியவில்லை.

குட்டி பால் குடிக்கும்போது மூச்சு வாங்குகிறாள். நுரையீரல் முழுதாக வளர்வதற்குள் வெளியே வந்துவிட்டாள், சில வருடங்களுக்குக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அவள் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான் முடிவு செய்தேன். கடையின் மீது வழக்குப் போட்டிருக்கிறேன்.

ஆத்திரத்தில் போடவில்லை. முதலில் மரியாதையாகத்தான் எழுதிக் கேட்டோம். தரை காய்ந்திருந்தது, மஞ்சள் எச்சரிக்கைப் பலகையும் வைத்திருந்தோம் என்று போட்டோவோடு பதில் வந்தது. என்னைத் தூக்கிக்கொண்டு போன பிறகு எடுத்த போட்டோ. கேமராவில் பார்க்கலாமே என்றால் அது அன்று வேலை செய்யவில்லையாம். ஒரு பிஸ்கட் பாக்கெட் காணாமல் போனால் மட்டும் அது நன்றாக வேலை செய்யும் என்று நீதான் முன்பு சொல்லிச் சிரித்தாய். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: பார்வை சோதிப்பதையே தொழிலாகக் கொண்டவர் தரையைப் பார்த்து நடந்திருக்க வேண்டாமா? ஏழு மாத வயிற்றுக்குக் கீழே என் பாதமே எனக்குத் தெரியாது, தரை எங்கே தெரியும்? அதை எழுதியவருக்கு வயிறு என்றால் சாப்பாடு போகும் இடம் என்று மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது.

வக்கீலம்மா சொல்வது இது. தரையில் தண்ணீர் இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. யாரோ வந்தவர் அந்த நிமிடம் சிந்திவிட்டுப் போயிருக்கலாம் என்பார்கள். தண்ணீர் இருப்பது கடைக்கு முன்பே தெரியும் என்று காட்ட வேண்டும். தெரிந்ததால்தானே அங்கே அட்டை விரித்திருந்தது? ஊறிக் கூழாகிப்போன அந்த அட்டையில்தான் என் கால் வழுக்கியது. கீழே கிடந்தபடி நான் அதைப் பார்த்தேன். ஓடிவந்து மண்டியிட்ட உன் முழங்காலிலும் அது ஒட்டியிருந்தது. நான் சொன்னால், வழக்குப் போட்டவள் அப்படித்தான் சொல்வாள் என்பார்கள். நீ சொல்ல வேண்டும்.

அதை விரித்தது யார் என்ற கேள்வியும் வரும். பதில் எனக்கும் தெரியும். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்து பல தடவை பேனாவை மூடி வைத்தேன். வந்து சொல்வாயா?

உன் அண்ணி


ஜூலை 20

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் நின்று படித்தேன். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழ வேண்டியிருந்தது.

எங்கள் கடையில் வழக்கம் என்னவென்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேனா? மதியம் ஆனால் அந்த ஃப்ரீசர் கசிய ஆரம்பிக்கும். சரக்கு வந்த அட்டைப் பெட்டிகளைப் பிரித்து முன்னால் விரித்துவிடுவார்கள். ஊறினால் எடுத்துவிட்டு வேறு அட்டை. மஞ்சள் பலகை ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடக்கும். "பலகையைப் பார்த்தா ஜனங்க அந்தப் பக்கமே திரும்ப மாட்டாங்க. பாலும் வெண்ணெயும் அங்கதானே இருக்கு" என்பது முதலாளியின் வாக்கு. இத்தனை நாள் அந்த அட்டைமேல் நாங்கள் எல்லோரும்தான் நடந்தோம். அன்று இவர் விரித்துவிட்டு, சரக்கு வண்டி வந்ததால் இறக்கப் போய்விட்டார். அதை மாற்றுவதற்குள் நீங்கள் அங்கே போய்விட்டீர்கள்.

மேனேஜர் இவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அட்டை என்ற பேச்சு வெளியே வந்தால் அது சூப்பர்வைசரின் சொந்தக் கவனக்குறைவு, கடைக்குச் சம்பந்தமில்லை என்றுதான் எழுதுவார்களாம். என்னிடம், "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு படிச்சிருப்பீங்களே" என்றார். நாங்களும் வேலை செய்துதான் சாப்பிடுகிறோம், மேனேஜர் என்னவோ எங்களுக்குப் பந்தி வைத்ததுபோலப் பேசுகிறார்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அண்ணி, என்னை வேறு என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். மாதத்தில் பாதி நாள் லீவு போட்டு வந்து குட்டியைப் பார்த்துக்கொள்கிறேன். இதை மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் வாயாடி


ஆகஸ்ட் 6

நாத்தனாருக்கு,

கடையின் வக்கீல் நீதிமன்றத்தில் பதில் கொடுத்திருக்கிறார். எனக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்ததாம். அதிகம் நடக்காதே, ஓய்வில் இரு என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அதை மீறி நான் ஊர் சுற்ற வந்தேனாம். விழாமல் இருந்திருந்தாலும் எனக்கு ரத்தப்போக்கு வந்திருக்குமாம்.

டாக்டர் அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் அது என் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. உன் அண்ணனுக்குத் தெரியும், அவர் கடைக்காரர்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பிறகு உனக்குத் தெரியும். உங்கள் வீட்டுக்கு வந்த அன்று உன் சமையலறையில் உட்கார்ந்து, பயமாக இருக்கிறது என்று உன்னிடம் சொன்னேன்.

சாட்சி சொல்ல முடியாது என்றாய். உனக்கு உன் வீட்டுக்காரர் முக்கியம் என்று வாயை மூடிக்கொண்டேன். இது வேறு. நான் பயந்துபோய்ச் சொன்னதை எடுத்து அவர்கள் கையில் கொடுத்திருக்கிறாய்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

அண்ணி


ஆகஸ்ட் 9

அண்ணி,

எழுத வேண்டாம் என்றால் நான் கேட்பேனா? எனக்கு வாயாடி என்று பெயர் வைத்ததே நீங்கள்தானே.

நான்தான் சொன்னேன். கடையில் அல்ல, இவரிடம். நீங்கள் வந்த மறுநாள் காலை இவர் வேலைக்குக் கிளம்பும்போது, "அண்ணி மதியம் கடைக்கு வருவாங்க. ரொம்ப நிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்களாம். என் கவுண்டர் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு வைங்க" என்றேன். இவரும் சாதாரண நாற்காலி வேண்டாம் என்று, மேனேஜர் அறையிலிருந்த மெத்தை நாற்காலியைப் போய்க் கேட்டிருக்கிறார். "யாருக்கு?" என்று அவர் கேட்க, இவர் வெள்ளந்தியாகக் காரணத்தைச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் அதை மறக்காமல் வைத்திருந்து வக்கீலிடம் கொடுத்துவிட்டார்.

நீங்கள் அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம்தான் உட்கார்ந்தீர்கள். "சும்மாதானே உட்கார்ந்திருக்கேன், பாலை எடுத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனீர்கள். எனக்கு வரிசையில் ஆள் நின்றதால் தடுக்கவில்லை.

திட்டுங்கள் அண்ணி. எத்தனை பக்கம் வேண்டுமானாலும் திட்டுங்கள். பேசாமல் மட்டும் இருக்காதீர்கள், அது எனக்குத் தாங்காது.

உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 21

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நாற்காலிக் கதையைப் படித்தும் கோபம் போகவில்லை. ஆனால் அதை உன் மேல் வைக்க முடியவில்லை. உன் அண்ணனிடம் காட்டினேன். "அவளுக்கு மனசும் பெரிசு, வாயும் பெரிசு. ரெண்டையும் மூடத் தெரியாது" என்றார். அவர் இந்த மாதத்தில் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

குட்டிக்கு மறுபடியும் இளைப்பு வந்துவிட்டது. மருத்துவமனையில் மூக்கில் குழாய் வைத்தார்கள். உன் மூக்கல்லவா, குழாயை இரண்டு தடவை தட்டிவிட்டாள்.

பிரசவம் பார்த்த டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ரத்தப்போக்கு விழுந்த அடியால் வந்தது, அது இல்லையென்றால் குழந்தையை அன்றே எடுக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது என்று தெளிவாக எழுதியிருக்கிறார். இனி மீதி இருப்பது அட்டை ஒன்றுதான். வெட்கத்தை விட்டு மறுபடியும் கேட்கிறேன். கடை வேலையாக ஓர் ஊழியர் செய்ததற்குக் கடைதான் பதில் சொல்ல வேண்டும், மாப்பிள்ளை அல்ல என்று வக்கீலம்மா உறுதியாகச் சொல்கிறார். அவரைச் சொல்லாமல் முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இன்னும் ஒன்று. டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னதை நான் உன்னிடம் சொன்னேனா என்று கேட்டால், ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடு. பொய் சொல்ல வேண்டாம். ஞாபகம் இல்லை என்றால் போதும். குட்டிக்காகக் கேட்கிறேன்.

உன் அண்ணி


ஆகஸ்ட் 27

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் மேல் எனக்கு இதுவரை கோபம் வந்ததே இல்லை. இன்று வருகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் மேனேஜர் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "அட்டையைப் பத்திக் கேட்டா, கூட்டத்துல எதுவும் ஞாபகம் இல்லைன்னு சொல்லிடுங்க. பொய் சொல்ல வேணாம். ஞாபகம் இல்லைன்னா போதும்." வார்த்தைக்கு வார்த்தை நீங்கள் எழுதியதுதான். அவர்களுக்கு நான் அட்டையை மறக்க வேண்டும், உங்களுக்கு நான் டாக்டரை மறக்க வேண்டும். நான் பில் போடுகிறவள் அண்ணி. கூடையில் இருப்பதை எல்லாம் பில்லில் அடித்துத்தான் பழக்கம், பிடித்ததை மட்டும் அடித்துப் பழக்கமில்லை.

வருகிறேன். ஆனால் கேட்டால் இரண்டையும் சொல்வேன். அது வேண்டாம் என்றால் வக்கீலம்மாவிடம் என்னைச் சாட்சியிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன்.

இவரிடமும் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து கை கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். திரும்பி வந்த பிறகு, "அப்போ என்னையும் சொல்லிடுவ?" என்று மட்டும் கேட்டார். சொல்வேன் என்றேன். அதற்குப் பிறகு இந்த வீட்டில் பேசுவது குக்கர் மட்டும்தான்.

உங்கள் நாத்தனார்


செப்டம்பர் 18

அன்புள்ள அண்ணிக்கு,

என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. என்னை எடுத்துவிடவும் இல்லை. அதனால் வந்தேன்.

குட்டியை மருத்துவமனையில் விட்டுவிட்டு உங்களால் வர முடியவில்லை என்று அண்ணன் சொன்னார். இப்போது மூச்சு சீராகிவிட்டது என்று கேட்ட பிறகுதான் எனக்கும் சீரானது. நடந்ததை அவர் உங்களிடம் "நல்லா சொன்னா" என்று இரண்டே வார்த்தையில் முடித்திருப்பார். நான் முழுசாகச் சொல்கிறேன்.

வக்கீலம்மா முதலில் அட்டையைப் பற்றிக் கேட்டார். "இருந்துச்சு. ஊறிப் பிய்ஞ்சு கிடந்துச்சு. என் முழங்கால்ல ஒட்டினதை வீட்டுக்குப் போய்த்தான் கழுவினேன்" என்றேன். மஞ்சள் பலகை? "ஆம்புலன்ஸ் போனதுக்கு அப்புறம் வந்துச்சு. ஸ்டோர் ரூம் சாவியைத் தேடினதுல கொஞ்சம் லேட்டாயிடுச்சு." பின்னால் யாரோ சிரித்தார்கள். அட்டையை விரித்தது யார் என்று கேட்டார். இவர் மேனேஜருக்குப் பக்கத்தில், கடை கொடுத்த சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்காமல் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போனேன். பார்த்துவிட்டேன். "என் வீட்டுக்காரர்" என்றேன். சத்தம் வரவில்லை என்று மறுபடியும் சொல்லச் சொன்னார்கள்.

பிறகு கடை வக்கீல் எழுந்தார். டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னதை உங்கள் அண்ணி சொன்னாரா? "சொன்னாங்க" என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "அப்போ அவங்க கடைக்கு வந்ததே தப்புதானே?" என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "ஓய்வெடுக்கச் சொன்னது டாக்டர்தான் சார். தரையை ஈரமாக்கினது டாக்டர் இல்லையே" என்றேன். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்து இவர். கடைதான் இவரைச் சாட்சியாகக் கொண்டுவந்தது. ஒரே கேள்விக்காக. "அன்னைக்கு அட்டை போடச் சொல்லி முதலாளியோ மேனேஜரோ உங்களுக்குச் சொன்னாங்களா?" "இல்லை" என்று இவர் சொல்லிவிட்டால் பழி எல்லாம் இவர் தலையில். அதற்குப் பதிலாக வேறு கிளையில் வேலை தருவதாகப் பேசியிருந்தார்கள், எனக்கு அது பிறகுதான் தெரியும். "இல்லை சார், அன்னைக்கு யாரும் சொல்லலை" என்றார். வக்கீல் உட்காரப் போனார். இவர் நிறுத்தவில்லை. "தினமும் சொல்லிச் சொல்லி, சொல்லாமலே போடுற அளவுக்குப் பழகிட்டேன் சார். பழக்கினது கடைதான். பலகை வைக்கலாமான்னு ஒரு தடவை கேட்டேன். அந்தப் பேச்சை இனிமே எடுக்காதேன்னாங்க."

நீதிபதி அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். அப்போது இவர் யாரும் கேட்காமலே ஒன்று சொன்னார். "அக்கா வர்றது எனக்குத் தெரியும். நாற்காலி போட்டேன். அட்டையை மாத்தணும்னு மட்டும் தோணலை." அதைச் சொல்லிவிட்டு இறங்கி வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்றார். அண்ணன் போய்ப் பக்கத்தில் நின்றார்.

மறுநாள் எங்கள் இருவரையும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இவர் ஒரு கிடங்கில் சரக்கு இறக்குகிறார். நான் மருந்துக்கடையில் பில் போடுகிறேன், இங்கே வருகிற யாரும் சிரிப்பதில்லை. வீட்டில் பேசிக்கொள்கிறோம், அளவாக. நேற்று இவர், "குழந்தை யார் மாதிரி இருக்கு?" என்று கேட்டார். மூன்று மாதத்தில் இப்போதுதான் கேட்கிறார். வந்து பார்க்கலாமா என்று உங்களிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வாயாடி


நவம்பர் 5

அன்புள்ள வாயாடிக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. கடைதான் பொறுப்பு. ஃப்ரீசர் கசிவது தெரிந்தும், பலகை வைக்காமல் அட்டை விரிப்பதையே வழக்கமாக வைத்திருந்தது ஊழியரின் பிழை அல்ல, கடையின் பிழை என்று எழுதியிருக்கிறார்கள். குட்டியின் சிகிச்சை முழுவதும் அவர்கள் பார்க்க வேண்டும். டாக்டர் பேச்சைக் கேட்காமல் வெளியே வந்ததற்காக எனக்குரிய இழப்பீட்டில் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். படித்தபோது கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அது நியாயமாகத்தான் தெரிகிறது.

உன் சொல்லை ஏன் நம்பினார்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள். தன் வீட்டுக்கும், தன்னைக் கூப்பிட்டவருக்கும் பாதகமானதைக்கூட மறைக்காத சாட்சி என்று. நான் கேட்டபடி நீ நடந்திருந்தால் இந்த வரி இருந்திருக்காது. உனக்குப் பதில் எழுதாமல் இருந்ததற்கு வெட்கம்தான் காரணம், கோபம் அல்ல.

மாப்பிள்ளையை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. எனக்காக மெத்தை நாற்காலி தேடிப் போனவர் என்று நினைக்கும்போதே, நான் வருவது தெரிந்தும் அட்டையை மாற்றவில்லையே என்று இன்னொன்று வந்து நிற்கிறது. அவரே அதை வாயைத் திறந்து சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். சொன்னதால்தான் அவரை வெறுக்கவும் முடியவில்லை. உன் அண்ணன், "நாள் ஆகட்டும்" என்கிறார். நாள் ஆனால் இது இறுகிப்போகும் என்று எனக்குத் தோன்றுகிறது.

குட்டி இப்போது ஆளைப் பார்த்தால் சிரிக்கிறாள். தலை நிற்கவில்லை, பிடித்துக்கொள்ளத் தெரிந்தவர்கள்தான் தூக்க வேண்டும். மாப்பிள்ளை கையில் கொடுப்பேனா என்று எனக்கே தெரியாது. இங்கே உட்கார்ந்து யோசித்தால் கொடுக்க மாட்டேன். எதிரில் வந்து நின்றால் கொடுத்துவிடுவேன் என்று நினைக்கிறேன். அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை இருவரும் வாருங்கள்.

கதவைத் திறக்கும்போது அவர் முன்னால் நிற்கட்டும். நீ பின்னால் நில். உன்னை முதலில் பார்த்தால் உன்னிடம் கொடுத்துவிடுவேன்.

உன் அண்ணி